குதிரை லாயத்துக்குச் சோலைவரி

பலேர்மோ
14.10.1998, புதன்கிழமை

என்றும் மதிப்புக்குரிய அருளையா அத்தான் அவர்களுக்கும், அன்பு அக்கா சூசையம்மாவுக்கும், மைத்துனன் பீலிக்ஸ் இத்தாலி தேசத்திலிருந்து எழுதிக்கொள்வது.

அத்தான், எப்படிச் சுகம்? முழங்கால் எப்படி? நீர்கொழும்புக் காற்று உங்களுடைய முழங்காலுக்கு ஒத்துவரவில்லை என்று அக்கா எழுதியிருந்தா. போன முறை நான் கொடுத்தனுப்பிய தைலத்தைப் பூசுகிறீர்களா, இல்லை அதையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டீர்களா? பூசுங்கள். அது பூசுவதற்குத்தான்.

இங்கே நானும் எமிலியானாவும் மாதாவின் கிருபையால் சுகம். மகள் மொனிகாவும் மருமகனும் கட்டானியாவில் சுகம். வீடுதான் சுகமில்லை. இன்னும் ஆறு நாளில் எங்கள் வீட்டுக் கதவை அடைத்து முத்திரை வைக்கப் போகிறார்கள். அதைத் தடுக்கக்கூடிய ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார், அது நீங்கள்தான் என்று இங்கே எங்களுக்குக் கடிதம் வாசித்துத் தருகிற கோபாலசிங்கத்தார் சொல்கிறார். ஏனென்றால் நீங்கள் முப்பத்து நாலு வருடம் நாடாவும் கொப்பியுமாகச் சைக்கிளில் திரிந்து, இந்த வீட்டின் பெறுமதி இவ்வளவு, இதற்கு ஊர்ச்சபைக்குக் கட்டவேண்டிய சோலைவரி இவ்வளவு என்று எழுதினவர். ஓய்வு எடுத்தாலும் முத்திரைக் கட்டை இன்னும் உங்கள் அலுமாரியில் இருக்கிறது என்று அக்கா ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டா. அக்காவை ஏசவேண்டாம். அந்த முத்திரைக்குத்தான் இப்போது வேலை வந்திருக்கிறது.

அலுமாரி என்று எழுதியதும் ஞாபகம் வருகிறது, முதலில் வீட்டைச் சொல்லவேண்டும். ஒன்பது வருடம் மற்றவர்களின் மாடிப்படியைக் கழுவி, போன வருடத்துக்கு முந்தின வருடம் அல்பெர்கேரியாப் பகுதியில் இந்த வீட்டை வாங்கினோம். பல்லாரோ சந்தைக்குப் பின்னால் ஒரு ஒழுங்கை. எதிரே ஒருவர் மீன்பெட்டி தூக்கிக்கொண்டு வந்தால் நாங்கள் யாருடையாவது வாசலுக்குள் ஏறி நிற்கவேண்டும், அவ்வளவு அகலம். நிலத்தோடு ஒரு அறை, மூலையில் அடுப்போடு குசினி, மேலே பலகையில் ஒரு பரண். விற்றவர் தொன் காலோஜெரோ என்ற கிழவர். அத்தான், இத்தாலிக்காரரில் அப்படி ஒரு தங்கமான மனிதரை நான் காணவில்லை. வீட்டைக் கொடுத்ததும் அல்லாமல் ஒரு அலுமாரியையும் சும்மா விட்டுவிட்டுப் போனார். கோவில் கதவு மாதிரி உயரம், இடது பக்கச் சுவரை முழுக்க மூடிக்கொண்டு நிற்கும். ‘இது உங்களுக்குத்தான். ஆனால் ஒருநாளும் அசைக்காதேங்கோ, கால் பழசு’ என்று என் இரண்டு கையையும் பிடித்துச் சொன்னார். கண் கலங்கியிருந்தது.

அந்த அலுமாரியில் ஒரு விசேஷம். நான் சட்டை எடுக்கக் கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சின்யோரா கொன்செத்தா செபமாலை சொல்வது அப்படியே கேட்கும். பத்து மணிக்குத் திறந்தால் வெங்காயம் வதங்குகிற மணம் வரும். பழைய மரம் சத்தத்தையும் மணத்தையும் பிடித்து வைத்திருக்கும் என்று நான் எமிலியானாவுக்கு விளங்கப்படுத்தினேன். தச்சனுடைய மகளாக இருந்தும் அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நகரசபையிலிருந்து, இவர்கள் கொமூனே என்பார்கள், ஒரு கடிதம் வந்தது. எங்களுடைய ஆட்களுக்குக் கடிதம் வந்தால் போர்கோ வெக்கியோவில் இருக்கிற கோபாலசிங்கத்தாரிடம்தான் கொண்டு ஓடுவோம். அவர் கோப்பாய்ப் பக்கத்து ஆள். வந்த புதிதில் உறுதி எழுதுகிற ஒரு நொத்தாரிசின் கந்தோரை இரண்டு மாதம் கூட்டித் துடைத்தவர், ஆனபடியால் எங்களுக்கெல்லாம் சட்டம் சொல்கிற அப்புக்காத்து அவர்தான். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

‘ஐசே பீலிக்ஸ், கொமூனேன்ர புத்தகத்தில உம்முடைய வீடு குதிரை லாயம் எண்டு கிடக்கு.’

‘குதிரையோ?’

‘ஓம். ஆதியில குதிரை கட்டின இடம். ஆரும் மாத்தேல்லை. இப்ப வாற மாசம் பன்னிரண்டாந் திகதி ஒரு ஆள் வந்து பாத்து, மனிசர் இருக்கிற வீடு எண்டு எழுதப் போறார். எழுதினால் வீட்டின்ர பெறுமதி கூடும், பெறுமதி கூடினால் ஈச்சி கூடும்.’

ஈச்சி என்றால் இவர்களுடைய சோலைவரி. நீங்கள் சிரத்தையோடு கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் அவரிடம் விசாரித்து வைத்திருக்கிறேன். வீடு எந்தப் பகுதி, எந்த வகை, எத்தனை அறை என்று பார்த்து ஒரு பெறுமதி போடுவார்கள். அதில் நூற்றுக்கு இவ்வளவு என்று வருடத்தில் இரண்டு தரம் கட்டவேண்டும். உங்களுடைய அதே கணக்குத்தான், பெயர் மட்டும் வேறு.

‘அந்தக் காசை என்ன செய்யிறாங்கள்?’ என்று கேட்டேன்.

‘உங்கட சந்தியில வெள்ளைத் தொப்பியோட விசில் ஊதிக்கொண்டு ஒருத்தர் நிக்கிறாரெல்லே, விஜிலி, கொமூனேன்ர பொலிஸ். அவருக்குச் சம்பளம் குடுக்கோணும். தெரு லைற் எரியோணும். உங்கட பக்கம் விழப்போற சுவருகளுக்கு மரத்தால முண்டு குடுத்து வைச்சிருக்கிறாங்கள், அதுவும் அதுக்குள்ளதான்.’

‘நெருப்பு அணைக்க வாறவை?’

‘பொம்பியேரியோ? அவை அரசாங்கத்தின்ர ஆக்கள். அவைக்கு றோமில இருந்து சம்பளம்.’

‘அப்ப என்ர வீடு பத்தினால் அணைக்கிறது றோமின்ர காசு, ரோட்டில சனத்தை விலத்துறது என்ர காசோ?’

‘ஓம். அப்பிடித்தான்.’

அத்தான், நீங்களே சொல்லுங்கள். அந்த விசில்காரர் இரண்டு வருடத்தில் எனக்காக ஒருதரமும் விசில் ஊதியதில்லை. எனக்கு எதிராக மூன்று தரம் ஊதியிருக்கிறார், மூன்று தரமும் சைக்கிளுக்காக. அதற்கு நான் ஏன் கூடக் கட்டவேண்டும்? என் மனதில் அந்த இடத்திலேயே ஊர்ப் புத்தி எழும்பிவிட்டது. சோலைவரிக்காரர் வருகிறார் என்றால் எங்களுடைய ஆட்கள் என்ன செய்வார்களோ அதை நானும் செய்வது என்று முடிவெடுத்தேன்.

உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. நீங்கள் முதன்முதலாக எங்கள் வீட்டை அளக்க வருகிறீர்கள் என்று தெரிந்ததும் ஐயா விடிய எழும்பி ஓட்டுக் கூரைக்கு மேல் பழைய கிடுகைப் பரப்பினார். கதிரைகளைக் கோவிலுக்கு அனுப்பினார். யன்னல் கதவுகளைக் கழற்றிக் கிணற்றடியில் சாய்த்தார். ஆட்டை நடு அறையில் கட்டினார். நீங்கள் உள்ளே வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு எழுதிவிட்டுப் போனீர்கள். மூன்று கிழமை போகவில்லை, தரகர் அக்காவுக்கு ஒரு மாப்பிள்ளையைக் கூட்டி வந்தார், பார்த்தால் அதே ஆள், அதே சைக்கிள். அன்றைக்கு வீட்டுக்கு வெள்ளை அடித்து, சுவாமியார் தங்குகிற அறைவீட்டிலிருந்து கதிரைகளை வாங்கிப் போட்டு, நாலு அறைக் கல்வீடு சீதனம் என்று ஐயா சொல்லிக்கொண்டிருக்கிறார். நீங்கள் வளவைப் பார்த்தீர்கள்.

‘உந்த ஆடு முந்தி வீட்டுக்குள்ள நிண்டதெல்லே?’ என்றீர்கள்.

‘அது வேற ஆடு, தம்பி,’ என்றார் ஐயா.

அந்த வீடு உங்களுக்குச் சீதனமாக வந்த பிறகும் சபைக் கொப்பியில் அது ஆட்டுக் கொட்டில் மாதிரித்தான் இருந்தது, நீங்கள் ஓய்வு எடுக்கிற வரையும். நான் இதைக் குத்திக்காட்ட எழுதவில்லை. எங்கள் பகுதியில் இது வழமை என்பதற்கு உங்களைவிட வேறு சாட்சி இல்லை என்பதற்காக எழுதுகிறேன்.

எமிலியானா முதலே சொன்னாள், ‘இஞ்சேருங்கோ, இது அந்த ஊர் இல்லை, உள்ளதை உள்ளபடி காட்டுவம்.’ நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் தொடங்கினோம். கோபாலசிங்கத்தார் ஒரு மூன்று சில்லு வண்டி பிடித்துக்கொண்டு வந்தார். குளிர்பெட்டி, தொலைக்காட்சி, திரைச்சீலை, கலியாணப் படம் எல்லாம் அவருடைய வீட்டுக்குப் போயிற்று. வண்டியில் ஏறாத சாமான்களை, தையல் மெசின், இரண்டு மூட்டை அரிசி, வெண்கலப் பானை, எல்லாவற்றையும் அந்த அலுமாரிக்குள் அடைத்துப் பூட்டி, திறப்பைப் பரணில் வைத்தேன். தேங்காய் துருவுகிற அலகால் சுவரில் இரண்டு இடம் சுரண்டினேன். மாதா படத்தையும் கழற்றப் போனேன், எமிலியானா விடவில்லை. ‘மாதாவுக்கு என்ன வரியோ, அவ இருக்கட்டும்’ என்றாள். கடைசியாக அடுப்புக் கரியால் வலது பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்புக் கீறினேன்.

‘நேராய்க் கீறாதையும் ஐசே,’ என்று கோபாலசிங்கத்தார் கதவடியில் நின்று சொன்னார். ‘வெடிப்பு எண்டால் வளைஞ்சு வளைஞ்சு வரும். ஒரு இடத்தில ரெண்டாய்ப் பிரியோணும்.’

பிரித்தேன். பிறகு மீன்காரனிடம் ஒரு தடி வாங்கிவந்து பரணுக்கும் நிலத்துக்கும் நடுவில் முட்டுக் கொடுத்தேன். எல்லாம் முடிந்து நிமிர்ந்து பார்த்தால் எனக்கே அதற்குள் போகப் பயமாக இருந்தது.

(எமிலியானா இப்ப எட்டிப் பாத்திட்டு, ‘துடங்கேக்க வாத்தியார் மாதிரித் துடங்கினீங்கள், வரவரக் கதைக்கிற மாதிரி எழுதுறீங்கள்’ எண்டுறா. அத்தானுக்கு என்னைத் தெரியும், ஐஞ்சாம் வகுப்போட வள்ளத்துக்குப் போனவனுக்கு இவ்வளவு தூரம் எழுத்துத் தமிழ் வந்ததே பெரிசு. இனி வாறபடி எழுதுறன்.)

திங்கக்கிழமை சரியாய்ப் பத்து மணிக்கு ஜெயோமெத்ரா வந்தார். ஜெயோமெத்ரா எண்டால் உங்களை மாதிரி வீடு அளக்கிற உத்தியோகத்தர், படிப்புக் கொஞ்சம் கூட. மெலிஞ்ச மனிசன், தோல் பை, கழுத்தில கண்ணாடி தொங்குது. வாசலில நிண்டு உள்ளுக்குப் பாத்தார். ஒரு காலை உள்ள வைச்சார், பேந்து அதை வெளியில எடுத்தார். எனக்குச் சரியான சந்தோசம்.

‘சின்யோர், இதுக்குள்ள ஆக்கள் இருக்கினமோ?’

‘நானும் மனிசியும்,’ எண்டன்.

‘படுக்கிறதும் இதுக்குள்ளையோ?’

‘ஓம். உந்தக் கட்டிலிலதான்,’ எண்டு அலுமாரிக்கு முன்னால கிடக்கிற கட்டிலைக் காட்டினன்.

வலது பக்கச் சுவருக்குக் கிட்டப் போய் என்ர வெடிப்பை விரலால தடவிப் பாத்தார். விரலை லேஞ்சியில துடைச்சார். வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். பாவம், பயந்திட்டார் எண்டு நினைச்சனான்.

‘இது எவ்வளவு நாளாய் இருக்கு?’

‘வாங்கேக்க ஒரு சாண். மாசம் மாசம் வளருது.’

‘இந்தத் தடி?’

‘அதை எடுத்தால் மேல்வீடு கீழ வந்திடும், சின்யோர்.’

அவர் கதிரையில இருந்து எழுதத் துடங்கினார். நாடாவை வெளியில எடுக்கவே இல்லை. அளக்கத் தேவையில்லாத அளவுக்கு வீடு மோசம் எண்டு நான் எமிலியானாவுக்குக் கண்ணைக் காட்டினன். அந்த நேரம் பாத்து, கட்டிலுக்குக் கீழ தலைகணியில சுத்தி ஒளிச்சு வைச்ச ரெலிபோன் அடிக்குது. மொனிகா எல்லாத் திங்களும் பத்தரைக்கு எடுப்பாள், அதை மறந்திட்டன். ஜெயோமெத்ரா நிமிந்து பாத்தார்.

‘அது பக்கத்து வீட்டில,’ எண்டு சொன்னன்.

சொல்லி வாய் மூடேல்லை, அலுமாரிக்குள்ள இருந்து சின்யோரா கொன்செத்தா சொல்லுறா, ‘எமிலியா, உங்கட ரெலிபோன் அடிக்குது, எடுங்கோவன்.’

ஜெயோமெத்ரா எழும்பினார்.

‘அலுமாரிக்குள்ள ஆர்?’

‘பக்கத்து வீட்டு அம்மா.’

‘அலுமாரிக்குள்ளையோ?’

‘இல்லை, அவ தன்ர குசினியில. சத்தம் மட்டும்தான் அலுமாரிக்குள்ள. பழைய மரம், சின்யோர்.’

அவருடைய முகம் வெளிறிப் போச்சு. அலுமாரியில காதை வைச்சுக் கேட்டார். விரலால பக்கத்துச் சுவரைத் தட்டினார். பேந்து சிலுவை போட்டார், அத்தான். முப்பத்து நாலு வருசத்தில நீங்கள் எந்த வீட்டுக்காவது சிலுவை போட்டிருப்பீங்களோ? எழுதினதையும் விட்டிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு சந்தியில இருக்கிற கோப்பிக் கடைக்கு ஓடினார், போன் எடுக்க. மேலதிகாரியிட்டச் சொல்லி வரியை அடியோட விலக்கப் போறார் எண்டு நான் எமிலியானாவைத் தேத்தண்ணி போடச் சொன்னன்.

தேத்தண்ணி ஆறேல்லை. சங்கு ஊதிக்கொண்டு பொம்பியேரி வந்திட்டினம். சிவப்பு லொறி ஒழுங்கைக்குள்ள வராது, அது வாய்க்காலுக்குள்ள வள்ளம் மாட்டின மாதிரி மீன்காரன்ர தட்டியில மாட்டிக்கொண்டு நிக்குது, மீன்காரன் ஏசுறான், ஆறு பேர் தலைக்கவசத்தோட நடந்து வருகினம், கோடாலி ஒருத்தரிட்ட, ஏணி ஒருத்தரிட்ட. சனமெண்டால் பல்லாரோ முழுக்க வந்திட்டுது, கத்தரிக்காய் விக்கிறவன் தராசோட வந்து நிக்கிறான். அவையளை ஒரு பக்கமாய் விலத்தி விட்டது ஆர் எண்டு நினைக்கிறீங்கள், அந்த வெள்ளைத் தொப்பி விஜிலிதான். அண்டைக்குத்தான் அவர் முதல்தரம் எனக்காக விசில் ஊதினவர். ஒரு கன நேரம் ஊதினவர். இது எல்லாம் என்ர ஈச்சியில எண்டு நினைக்க ஒருபக்கம் பெருமையாயும் இருந்தது, கூடினதில இன்னும் ஒரு சதமும் கட்டேல்லை எண்டு ஒருபக்கம் வெக்கமாயும் இருந்தது.

பொம்பியேரிப் பெரியவர் மீசைக்காரர், நல்ல மனிசன். அவர் ‘ரெண்டு பேரும் வெளியில வாங்கோ’ எண்டதும் நான் ஓடிப் போய்க் கையை நனைச்சு, கீறின வெடிப்பை அழிச்சுக் காட்டினன்.

‘பாருங்கோ, கரி. வெறும் கரி. வீடு நல்ல வீடு. எங்கட ஊரில வரிக்கு வரேக்க இப்பிடித்தான் செய்யிறது.’

பெரியவர் என்ர கையைப் பாத்தார்.

‘நல்லாய்த்தான் கீறியிருக்கிறீங்கள்,’ எண்டார். ‘இப்ப அந்த அலுமாரியைத் துறவுங்கோ.’

அங்கதான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒளிச்சு வைச்ச தையல் மெசினையும் பானையையும் பாத்து வரியைக் கூட்டப் போறாங்கள். நான் அலுமாரிக்கு முன்னால போய்க் கையை விரிச்சுக்கொண்டு நிண்டிட்டன். கால் பழசு, அசைக்கப்படாது, செத்தாலும் விடமாட்டன், திறப்புத் துலைஞ்சு போச்சு எண்டன். நாலு பேர் தள்ளிப் பாத்தினம், அது அசையேல்லை, அரிசி மூட்டை ரெண்டெல்லே உள்ளுக்கு. பெரியவர் பெருமூச்சு விட்டிட்டு வாசலில ஒரு கடுதாசி ஒட்டினார். ஆக்கள் இருக்கத் தகுதியில்லாத வீடு. இரவில படுக்கக்கூடாது. எட்டு நாளைக்குள்ள அலுமாரியை வெறுமையாக்கிச் சுவரைக் காட்டோணும், இல்லாட்டிக் கதவை அடைச்சு முத்திரை.

அண்டைக்குத் துடக்கம் ராவில கோபாலசிங்கத்தார் வீட்டில படுக்கிறம். பகலில வேலை முடிய நான் வந்து ஒழுங்கையில கதிரை போட்டுக் காவல் இருக்கிறன். இந்தக் கடிதமும் அந்தக் கதிரையில இருந்துதான். எமிலியானா ரெண்டு நாளாய் ஒரே சொல்லுத்தான்.

‘துறந்து காட்டுங்கோவன். அரிசியைப் பாத்து ஆர் வரி போடப் போறான்?’

‘உனக்குச் சோலைவரியைப் பற்றி என்ன தெரியும்? அத்தான் கோழிக் கூட்டையும் எண்ணினவர்.’

‘அண்ணை எண்ணினவர், எழுதேல்லையே,’ எண்டுறா.

கோபாலசிங்கத்தாரின்ர யோசினை இதுதான். ‘நீர் கரி எண்டு ஒப்புக்கொண்டபடியால் இனி உம்மை நம்பாயினம். ஊரில இது வழமை எண்டு ஒரு அரசாங்க உத்தியோகத்தர் எழுதி, முத்திரை குத்தித் தந்தால் சரி. இஞ்சை முத்திரையைக் கண்டால் எழும்பி நிப்பாங்கள்.’ அவர் மாதிரியும் எழுதித் தந்தவர், அப்பிடியே கீழ எழுதுறன், நீங்கள் இங்கிலீசில தட்டச்சு அடிச்சு எடுக்கோணும்:

‘இதனால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், எமது பகுதி மக்கள் சோலைவரி மதிப்பீட்டு நாளன்று தத்தம் வீடுகளைப் பழுதடைந்தவையாகக் காட்டுவது நெடுங்கால வழக்கம் என்பதையும், மறுநாளே அவ்வீடுகள் முன்னைய நல்ல நிலைக்குத் திரும்பிவிடும் என்பதையும், பீலிக்ஸ் என்பவரின் வீடும் அவ்வாறானதே என்பதையும், நீண்டகால அனுபவத்தின் பேரில் உறுதிப்படுத்துகிறேன்.’

ஆட்டைப் பற்றி எழுதத் தேவையில்லை. எங்களோட வேலை செய்யிற பெடியன் றெஜி இந்தக் கடிதத்தோட நாளைக்குப் பிளேன் ஏறுறான், கட்டுநாயக்காவில இறங்கினதும் நேரே உங்களிட்டத்தான் வருவான். நீங்கள் முத்திரை குத்திச் சந்தியில இருக்கிற கடையில ஃபாக்ஸ் போட்டுவிட்டால் கோபாலசிங்கத்தார் வேலை செய்யிற வீட்டு மெசினுக்கு வந்து சேரும். அங்கத்தையச் சின்யோரா நல்லவ, கடுதாசி அடிச்சாலும் ஏசமாட்டா. அத்தான், உங்கட காலைப் பிடிச்சுக் கேக்கிறன். ஒன்பது வருசப் படி, அத்தான். எண்ணிப் பாத்தால் நான் கழுவின படியில பரலோகத்துக்கு ஏறிப் போட்டுத் திரும்பி வரலாம். மிஞ்சினது இந்த ஒரு அறை.

வேறு என்ன. அக்காவுக்கு எங்கட அன்பைச் சொல்லுங்கோ. உங்கள் எல்லாருக்கும் மடு மாதாவின்ர ஆசீர்வாதமும், நோய் நொடியில்லாத சீவியமும், எங்கட குடும்பத்தில இனி ஆருடைய வாசலிலும் இப்பிடி ஒரு கடுதாசி ஒட்டுப்படாத பாக்கியமும், பொறுங்கோ அத்தான், ஒழுங்கை வாயில மீசைக்காரர் நிண்டு பெலீச்சே, பெலீச்சே எண்டு என்ர பேரை இத்தாலியனில கூப்பிடுறார், எட்டு நாள் எண்டுதானே சொன்னவர், இண்டைக்கு ரெண்டாம் நாள், நான் ஓடிப் போய் அந்தத் திறப்பை

பின்குறிப்பு: அண்ணைக்கு எமிலியானா எழுதுவது. ஆசீர்வாதம் கிடைக்கட்டும் என்றுதான் அவர் எழுத வந்தார், முடிக்க முதல் கூப்பிட்டுவிட்டார்கள்.

மத்தியானம் மழை தொடங்கிவிட்டது. மழையில் விடமுடியாது என்று எட்டு நாள் பார்க்காமல் இன்றைக்கே வந்திருக்கிறார்கள். இவர் திறப்பைக் கட்டிலுக்குக் கீழே ஒளிக்கப் போன இடத்தில் நான் வாங்கிப் பெரியவரிடம் கொடுத்துவிட்டேன். அரிசியை இறக்கி, மெசினை இறக்கி, நாலு பேர் சேர்ந்து அலுமாரியை நகர்த்தினார்கள். காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்ல கால்.

பின்னால் இருந்த சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்து கிடக்கிறது, அண்ணை. என் கை முழங்கை வரை உள்ளே போகிறது. அந்தப் பக்கம் சின்யோரா கொன்செத்தா அடுப்பில் தக்காளி கிண்டிக்கொண்டிருந்தா. அதற்குள்ளால் என்னைப் பார்த்து, ‘வாங்கோ எமிலியா, சாப்பிட்டாச்சோ?’ என்று கேட்டா. அது வளைந்து வளைந்துதான் வருகிறது. ஒரு இடத்தில் இரண்டாகப் பிரிகிறது.

ஜெயோமெத்ரா கரியை உள்ளே வந்த உடனேயே கண்டுபிடித்துவிட்டாராம். அதைப் பார்த்துச் சிரிப்பு அடக்கமுடியாமல், வீட்டை மனிதர் வாழும் நல்ல வீடு என்றுதான் எழுதிக்கொண்டிருந்தாராம். அலுமாரி கதைத்த பிறகுதான் போன் எடுக்க ஓடியிருக்கிறார். ஆகவே அந்தச் சான்றிதழ் தேவையில்லை. மேலே அவர் எழுதியவற்றை வாசித்தும் வாசிக்காதமாதிரி விட்டுவிடுங்கள். முத்திரைக் கட்டை அலுமாரியிலேயே இருக்கட்டும். மச்சாளை ஏசவேண்டாம்.

இப்போது கொமூனேயின் ஆட்கள் வந்து எங்கள் பக்கம் மூன்று மரமும் கொன்செத்தாவின் பக்கம் இரண்டு மரமும் முண்டு கொடுக்கிறார்கள். சுவரைக் கட்டி முடிக்க இரண்டு மாதம் செல்லுமாம், கொமூனேயே கட்டித் தரும், வீடு எங்களுக்குத்தான். அதுவரை கோபாலசிங்கம் அண்ணையின் வீட்டில் இருப்போம். குளிர்பெட்டியும் தொலைக்காட்சியும் முதலே அங்கே போய்விட்டபடியால் ஏற்றுக்கூலி மிச்சம்.

எங்களுடைய கட்டில் அந்த அலுமாரிக்கு முன்னால்தான் கிடந்தது, அண்ணை. என் தலைமாடு அந்தப் பக்கம்.

இவர் ஒழுங்கையில் நின்று மரம் இறக்குகிறவர்களுக்கு எந்த இடத்தில் முண்டு கொடுக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். வெள்ளைத் தொப்பிக்காரருக்கு என்னைக் கொண்டு தேத்தண்ணி கொடுப்பித்தார். ஈச்சி எவ்வளவு வந்தாலும் வாய் திறவாமல் கட்டுவேன் என்று மாதா படத்துக்கு முன்னால் கையடித்துச் சொன்னார். சொல்லிவிட்டு, இந்தக் கடிதத்தை ஒட்ட முதல் அண்ணையிடம் ஒன்றை மட்டும் கேட்டு எழுதச் சொன்னார்: அந்த மூன்று மரமும் வீட்டுக்குள் நிற்பதால் அவற்றையும் வீட்டின் பெறுமதியில் சேர்ப்பார்களா, சேர்ப்பார்கள் என்றால் அளக்க வருகிற அன்றைக்கு மட்டும் அவற்றைக் கழற்றி வைக்கலாமா என்று.